அர்ச். தேவசகாயம் கண்ட இளைப்பாற்றி



மழைக்காலம் வந்தால் நம் ஆரணியில் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு துக்கமும் கூடவே வந்து சேருகிறது. குழியில் ஈரம் ஊறுகிறது, தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி நிற்கிறது. ஆனால் பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்பதில்லை. வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டியும் நிற்பதில்லை. மழை விட்ட மாதங்களிலோ ஜரிகை விலை ஏறுகிறது, அல்லது வீட்டில் ஒருவர் நோயில் விழுகிறார், அல்லது மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் வேறு வழியில் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட நாட்களில் உங்களில் பலர் பங்கு வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். நாள் தவறாமல் ஜெபமாலை சொல்லுகிறோமே, ஞாயிறு பூசை விடுவதில்லையே, எங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்கிறீர்கள். இது பாவமான கேள்வி அல்ல. சர்வேசுரனை நேசித்த பெரியவர்களும் கேட்ட கேள்விதான். இதற்கு ஏட்டிலிருந்து பதில் சொல்வதைவிட, நம் தமிழ் மண்ணில் நடமாடிய ஒரு குடும்பஸ்தருடைய ஜீவியத்தைச் சொல்லுவதே நல்லது. அவர் குருவானவர் அல்ல, சந்நியாசி அல்ல, மனைவியும் வீடும் நிலமும் உத்தியோகமும் இருந்தவர். கஷ்டம் வந்தபோது உங்களைப் போலவே தூக்கம் இழந்தவர். 2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி, உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தம் பண்ணப்பட்ட தேவசகாயம்தான் அவர். இந்தியாவின் பொதுநிலைக் கிறிஸ்தவர்களில் இந்த மகிமை பெற்ற முதல்வர் இவரே.

அரண்மனை உத்தியோகஸ்தர்

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நட்டாலம் என்ற ஊர் அக்காலத்தில் திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. அங்கே 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, வசதி படைத்த ஒரு நாயர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். நன்றாகக் கல்வி பயின்றார். ஆயுதப் பயிற்சியும் பெற்றார். வாலிப வயதில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் சேவகத்தில் அமர்ந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்புள்ள உத்தியோகம் வகித்தார். பார்கவி என்ற பெண்ணை மணந்து, பக்தியுள்ள இந்துவாக, ஊராரின் மரியாதையோடு வாழ்ந்துவந்தார்.

பிறகு காலம் மாறியது. அவருடைய பயிர்கள் அழிந்தன. மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. சொத்து கரைந்துகொண்டே போனது. அவரும் தமக்குத் தெரிந்த வழிபாடுகளையெல்லாம் செய்து பார்த்தார். நஷ்டம் நிற்கவில்லை. தாம் செய்த குற்றம் என்ன, எந்தத் தெய்வத்தின் கோபம் தம்மேல் விழுந்திருக்கிறது என்ற எண்ணம் அவரை அரித்தது. சொத்து போனதைவிட இந்த எண்ணமே அவரை அதிகமாக வாட்டியது என்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்தாலும் முகத்தில் களை இல்லை.

சிறைப்பட்டவர் தந்த ஆறுதல்

அந்த வாடிய முகத்தைக் கவனித்தவர் ஓர் ஐரோப்பியர். அவர் பெயர் எஸ்தாக்கியுஸ் தெலனாய். ஒல்லாந்துக் கம்பெனியின் படையில் வந்த கத்தோலிக்கர். 1741-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி குளச்சலில் நடந்த போரில் மகாராஜாவின் படை ஒல்லாந்தரைத் தோற்கடித்தபோது சிறைபிடிக்கப்பட்டார். நாடு போய், சுற்றம் போய், அந்நிய தேசத்தில் கைதியாக நின்ற வாலிபர் அவர். ஆனால் அவருடைய திறமையையும் நேர்மையையும் கண்ட மகாராஜா, தமது படையைப் பழக்கும் வேலையையே அவரிடம் ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தும் வேலையும் அவரிடம் வந்தது. அங்கேதான் நீலகண்டனுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டாயிற்று. தெலனாய் திரும்பித் தம் தேசம் போகவே இல்லை. 1777-ல் மரித்து அந்தக் கோட்டையிலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

நீலகண்டனின் துயரத்தை விசாரித்த தெலனாய், அவருக்குப் பணம் கொடுத்ததாகவோ, சோதிடரிடம் அனுப்பியதாகவோ வரலாறு சொல்லவில்லை. வேதாகமத்திலிருந்து ஒரு சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். அது யோபு என்ற நீதிமானின் சரித்திரம்.

அதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஆடு, மாடு, ஒட்டகங்களும் பிள்ளைகளும் நிறைந்த வீடு ஒரே நாளில் வெறுமையானது. பிறகு உடம்பும் புண்ணானது. ஆறுதல் சொல்ல மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்த மட்டும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது என்று குத்தினார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்வேசுரனிடமே முறையிட்டார், அழுதார், வழக்காடினார். கடைசியில் சர்வேசுரன் பேசினார். ஆனால் கஷ்டத்தின் காரணத்தை அவர் விளக்கவில்லை. பூமியின் அஸ்திவாரத்தையும் சமுத்திரத்தின் எல்லையையும் நட்சத்திரங்களையும் காட்டி, இவற்றைத் தாங்குகிறவர் யார் என்பதை உணர்த்தினார். யோபு தலைவணங்கினார், அவர் மனம் அமர்ந்தது. தப்பு யோபினுடையது என்ற சிநேகிதர்களையே சர்வேசுரன் கண்டித்தார்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். யோபுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்பதை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் மனம் அமர்ந்தது எப்போது? சாம்பலில் உட்கார்ந்திருக்கையிலேயே, ஒரு மாடுகூடத் திரும்பி வருமுன்னே. இளைப்பாற்றி முதலில் வந்தது. சொத்து பின்னால் வந்தது. சொத்து வராமற் போயிருந்தாலும் அந்த இளைப்பாற்றி மெய்யானதாகவே இருந்திருக்கும்.

நீலகண்டன் மனத்தில் இந்தச் சரித்திரம் ஆழமாகப் பதிந்தது. கஷ்டம் வந்தவன் சபிக்கப்பட்டவன் அல்ல, நீதிமானுக்கும் துன்பம் வரும், துன்பத்தின் நடுவிலும் சர்வேசுரன் அவனைக் கைவிடுவதில்லை என்று அறிந்தபோது, பல மாதமாக அவரை அரித்த பயம் நீங்கியது. தெலனாயிடம் மேலும் மேலும் கேட்டார். குற்றமில்லாத சேசுநாதர் சிலுவையில் பட்ட பாடுகளையும், அவர் உயிர்த்த மகிமையையும் அறிந்தார். தாமும் ஞானஸ்நானம் பெற விரும்பினார்.

தேவசகாயம் என்ற பெயர்

திருவிதாங்கூரில் அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் வேதத்தில் சேருவது எளிய காரியம் அல்ல. ஆகவே தெலனாய் அவரை, இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் வடக்கன்குளத்துக்கு, சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியாரிடம் அனுப்பினார். மக்கள் அவரைப் பரஞ்சோதி நாதர் என்று அழைப்பார்கள். சுவாமியார் அவசரப்படவில்லை; வரப்போகும் ஆபத்துகளை எடுத்துச் சொல்லி, போதித்துச் சோதித்த பிறகே 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று இட்டார்கள். தேவனே எனக்குச் சகாயம் என்பது அதன் பொருள். அப்போது அவருக்கு வயது 33. அவர் மனைவியும் பிறகு வேதத்தில் சேர்ந்து தெரேசம்மாள் என்ற பெயர் பெற்றார். ஞானப்பூ அம்மாள் என்று தமிழில் வழங்கினார்கள்.

நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டியதை இங்கே சொல்லுகிறேன். ஞானஸ்நானம் பெற்றதும் தேவசகாயத்தின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. செத்த மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பவில்லை. யோபுக்குக் கிடைத்த இரட்டிப்புச் சொத்து அவருக்கு இவ்வுலகில் கிடைக்கவே இல்லை. அதற்கு மாறாக, அதுவரை பட்டதெல்லாம் சொற்பம் என்று எண்ணும்படி பெரும் துன்பம் அதன் பிறகுதான் வந்தது.

அதற்கு ஒரு காரணம், அவர் தாம் பெற்ற ஆறுதலைத் தமக்குள் பூட்டி வைக்கவில்லை என்பதே. எல்லா மனிதரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று அறிந்தவர், தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கியவர்களோடு சரிசமமாகப் பழகினார். பிறந்த குலத்துக்கும் வகித்த உத்தியோகத்துக்கும் அது பெருங்குறை என்று பலர் கொதித்தார்கள். இதனால்தான் அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தபோது, திருச்சபை அவர் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அறிவித்தது.

நமக்கு வெட்கமான ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் கட்டப்பட்ட கோவிலில், ஒரே பீடத்தின் முன் சாதிக்கு ஒரு பக்கம் என்று ஜனங்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். நடுவே இருந்த தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி வைத்துவிட்டு நாம் மட்டும் சர்வேசுரனிடத்தில் இளைப்பாற முடியாது.

மூன்று ஆண்டுப் பாடுகள்

1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி அவர் கைதானார். இராஜத்துரோகம் முதலிய குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. வேதத்தை விட்டுவிட்டால் பழைய நிலைமை திரும்பும் என்ற ஆசையும், விடாவிட்டால் மரணம் என்ற பயமுறுத்தலும் மாறிமாறி வந்தன. அவர் அசையவில்லை.

எருக்கம்பூ மாலை போட்டு, கைகளைக் கட்டி, எருமையின்மேல் பின்புறம் திருப்பி உட்காரவைத்து, அவரை மதித்த ஊர்களின் வழியே ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்றும், அடித்த காயங்களில் மிளகுப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள் என்றும் அவர் சரித்திரம் சொல்லுகிறது. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது பாறையில் முழங்கையால் தட்ட, தண்ணீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்ற அந்த இடத்துக்கு இன்றும் ஜனங்கள் போய் வருகிறார்கள். பெருவிளையில் அவரை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலர் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள். காவற்காரர்களில் சிலரும் மனம் இளகினார்கள் என்கிறார்கள். கட்டுண்டு நின்றவரிடம் கட்டில்லாதவர்கள் சமாதானம் தேடி வந்ததே பெரிய புதுமை! முகத்தில் களையில்லாமல் உதயகிரிக்கு வேலைக்கு வந்த அதே மனிதர்தான் இவர். அப்போது போனது மாடும் பயிரும். இப்போது போனது உத்தியோகம், மானம், வீடு, சுகம் யாவும். அன்று இல்லாத அமைதி இன்று இருந்தது.

அந்த நாட்களில் நம் ஊர் எப்படி இருந்தது தெரியுமா? 1751-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி ஆரணியில் போர் நடந்தது. ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காக நடந்த சண்டையில், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம். இங்கிலீஷ் தளபதி கிளைவும் மராட்டியரும் மறு பக்கம். நம் முன்னோர் பீரங்கிச் சத்தத்தில் கலங்கியிருந்த அந்த நாட்களுக்குச் சரியாக ஆறு வாரம் கழித்து, தெற்கே ஆரல்வாய்மொழிக்கு அருகில், தேவசகாயத்தின் கடைசி நேரம் வந்தது.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டுபோனார்கள். சற்று ஜெபம் செய்ய அனுமதி கேட்டு, பாறைமேல் முழந்தாளிட்டு ஜெபித்தார் என்பது பரம்பரையான செய்தி. பிறகு சேவகர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் மிச்சமிருந்ததைத் தேடியெடுத்து, கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் பீடத்தின் முன் பக்தியாய் அடக்கம் பண்ணினார்கள். 1756-ல் கொச்சி மேற்றிராணியார் இந்த மரணத்தைப் பற்றி உரோமாபுரிக்கு எழுதினார். முத்திப்பேறு பட்டம் 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் கொடுக்கப்பட்டது. அவர் மரணத்துக்கும் இதற்கும் இடையில் 260 ஆண்டுகள் சென்றன.

தெரேசம்மாளை மறக்க வேண்டாம். வேதசாட்சியின் மகிமையைப் பாடுகிறவர்கள் அவருடைய விதவையை எளிதில் மறந்துவிடுகிறார்கள். பிறந்த ஊரை விட்டு, சொந்தக்காரரின் துணையில்லாமல், அவர் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். கணவருக்கு மூன்று ஆண்டுப் பாடுகள்; மனைவிக்கோ அதன் பிறகும் நெடுநாள் தனிமை. சேவகரும் கூட்டமும் இல்லாத அந்தத் தனிமையிலும் விசுவாசத்தை விடாமல் காத்தார். நம் பங்கில் விதவையாய் நின்று, நூல் இழைத்தும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு இந்த அம்மாள் உற்ற துணை.

நமக்கு என்ன பாடம்?

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து மூன்று காரியங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கிறேன்.

முதலாவது, கஷ்டத்தைச் சர்வேசுரனுடைய கோபம் என்று எண்ணாதேயுங்கள். கடன் ஏறினாலும், பிள்ளைக்கு நோய் வந்தாலும், நம் வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும், பழைய பாவம் துரத்துகிறது என்றும் பயந்து, குறி சொல்லுகிறவனிடம் கையில் இருக்கிற பணத்தையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நீதிமானாகிய யோபுக்கும் வந்தது. பாவமறியாத சேசுநாதருக்கும் வந்தது. உங்களுக்கு வந்தது தண்டனைதான் என்று சொல்ல அயலாருக்கு அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

இரண்டாவது, இளைப்பாற்றி வேறு, கஷ்டம் தீருவது வேறு. பாரம் சுமந்து களைத்தவர்களைச் சேசுநாதர் தம்மிடம் அழைத்தபோது, இளைப்பாற்றியை வாக்களித்த அதே மூச்சில் தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொன்னார். மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து விடுவேன் என்று அவர் சொல்லவில்லை; மறுபக்கத்தில் தாமே நின்று இழுக்க வருகிறார். ஆகையால், கடன் தீர்ந்தால் கோவிலுக்கு வருவேன் என்று நேர்ந்துகொள்ளுவதைவிட, கடனோடேயே வந்து அவர் முன் உட்காருங்கள். சண்டையிட வேண்டுமானால் யோபைப் போல் அவரிடமே சண்டையிடுங்கள். அழ வேண்டுமானால் தேவநற்கருணைப் பேழைக்கு முன் அழுங்கள். அதோடு செய்ய வேண்டிய முயற்சியையும் விடாதேயுங்கள். தேவசகாயம் கைகட்டிச் சும்மா இருந்த மனிதர் அல்ல. சங்கத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நியாயமான கூலியைத் துணிந்து பேசுங்கள். வட்டிக்கு மேல் வட்டி வாங்குமுன் வீட்டாரோடு கலந்து பேசுங்கள். சமாதானம் உள்ள மனம் தெளிவாய் யோசிக்கும். பயந்த மனமே சாராயக் கடையைத் தேடுகிறது.

மூன்றாவது, தெலனாயைப் போல் இருங்கள். அவர் செய்ததெல்லாம் சக ஊழியனின் முகத்தைப் பார்த்ததும், என்னவென்று விசாரித்ததும், உண்மையான ஒரு வார்த்தை சொன்னதும்தான். அவர் அப்படி விசாரித்திராவிட்டால் இந்தச் சரித்திரமே இல்லை. தாமே கைதியாய் இருந்தவர், தம் துக்கத்தைக் காரணம் காட்டி ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. அடுத்த வீட்டில் தறிச் சத்தம் நாலு நாளாகக் கேட்கவில்லையானால் போய் விசாரியுங்கள். உதவப் பணம் இல்லையென்றால் கூட உட்காருங்கள். யோபின் சிநேகிதர்கள் செய்தவற்றில் நல்லது அந்த ஏழு நாள் மௌனம் ஒன்றுதான்.

உங்களில் யாருக்காவது இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஓர் இரவுகூடத் தனியாக இராதேயுங்கள். வீட்டாரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள். நடுச்சாமமானாலும் பங்கு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வைத்தியர் உதவி வேண்டுமானால் அதையும் வெட்கப்படாமல் தேடுங்கள். கடன் எவ்வளவு பெரிதானாலும் ஓர் ஆத்துமத்தின் விலை அதைவிடப் பெரிது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14-ந் தேதி, பொங்கலை ஒட்டி, இந்த வேதசாட்சியின் திருநாள் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்து, மாட்டுக்கு மாலை போட்டுச் சந்தோஷப்படும் அந்த நாட்களில், மாடும் பயிரும் இழந்த ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரையில் தினமும் மாலை ஜெபமாலை முடிந்ததும் யோபு ஆகமத்தில் ஓர் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். மொத்தம் 42 அதிகாரங்கள். ஆறு வாரத்தில் முடிந்துவிடும். எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் வாசிக்கட்டும். தறியில் உட்கார்ந்து களைத்த பெரியவர்கள் கேட்கட்டும்.

தேவனையே சகாயமாகக் கொண்ட அர்ச். தேவசகாயம் நம் பங்குக் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுவாராக. கஷ்டம் தீருமுன்னே கிடைக்கும் அந்தச் சமாதானத்தைச் சேசுநாதர் உங்கள் ஒவ்வொருவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.